தறப்பாள் பட்டியலில் ஒரு கோடும் ஓர் எழுத்தும்

நெருப்பைக் கண்டுபிடித்தபின் மனிதகுலம் கொஞ்சம் இளைப்பாறியது. சக்கரத்தைக் கண்டுபிடித்தபின் இன்னும் நெடுங்காலம் இளைப்பாறியது. பிறகு, இரண்டாயிரமாம் ஆண்டு புரட்டாதி மாதம், தர்மபுரம் மாரிகால நிவாரணச் சபையின் 'கணினிப் பொறுப்பாளர்' ஸ்ரனிஸ்லஸ் ஒற்றை வரியில் ஒரு நிரல் எழுதினார். அன்றோடு மனிதகுலத்துக்குச் செய்ய வேறு வேலை இல்லாமற் போயிற்று.

ஸ்ரனிஸ்லஸ் முல்லைத்தீவுக் கரையில் படகு எஞ்சின் திருத்தியவர். இடம்பெயர்ந்து வந்த தர்மபுரத்தில் கடல் இல்லை. ஆனால் யாரோ வவுனியாவிலிருந்து துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டிய ஒரு கணினியும், ஒரு லினக்ஸ் இறுவட்டும் சபையில் இருந்தன. எஞ்சின் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது வன்னியின் அசைக்க முடியாத கொள்கை. நியமனக் கடிதம் அன்றே கிடைத்தது.

அவர் பட்டறிந்த ஞானமெல்லாம் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் 'அன்றாட நிர்வாகக் குறிப்புகள்' என்ற பெயரில் இருந்தது. குறிப்பு ஒன்று: ஜெனரேற்றர் முதல்தரம் இருமினால் கோப்பைச் சேமி, இரண்டாந்தரம் இருமினால் கணினியை நிறுத்து, மூன்றாந்தரம் இருமினால் செபி. ஓடியது மண்ணெண்ணெயில் என்பதால் செபமே அதிகம் நடந்தது. குறிப்பு இரண்டு: தினமும் பகல் பன்னிரண்டுக்குக் கோப்புகளைத் 'தன்னியக்கமாக' பிளொப்பியில் பிரதி எடுக்கும் சிறு நிரல். அந்தத் தன்னியக்கத்தை இயக்குவதற்காகப் பதினொன்றரைக்கே இரண்டு பேர் மண்ணெண்ணெய்க் கலனோடு சைக்கிளில் பறந்தார்கள். குறிப்பு மூன்று: லினக்ஸில் சர்வ அதிகாரமும் உள்ளவர் பெயர் 'ரூட்', அந்தப் பெயரால் எந்நேரமும் வேலை செய்யாதே.

இந்த மூன்றாவது குறிப்பைச் செயலாளர் நல்லதம்பி வாசித்தார். அடுத்த கூட்டத்திலேயே, சபையின் ரூட் நல்லதம்பிதான் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கடவுச்சொல் முத்திரை குத்தப்பட்டு அலுமாரிக்குள் போயிற்று. அலுமாரித் திறப்பு நல்லதம்பியின் இடுப்புக்குப் போயிற்று.

மாரிக்குமுன், கூரைமேல் விரிக்கக் குடும்பத்துக்கு ஒரு தறப்பாள் கொடுக்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் பதிந்திருந்தன. இரண்டுதரம் பதிந்த கள்ளரைப் பிடிக்க வேண்டும் என்றார் நல்லதம்பி. பெயரை மாற்றிச் சொல்லலாம், முகவரியை எங்கே ஒளிப்பது என்று யோசித்த ஸ்ரனிஸ்லஸ், பட்டியலை முகவரிப்படி வரிசைப்படுத்தும் கட்டளைக்குப் பின்னால் ஒரு சின்னக் கோட்டையும் 'யூ' என்ற எழுத்தையும் சேர்த்தார். ஒரே முகவரி திரும்ப வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கணினி விட்டுவிடும். ரூட் வந்து கடவுச்சொல்லை ஒற்றை விரலால் அடித்தார். ஸ்ரனிஸ்லஸ் ஒரு பொத்தானைத் தட்டினார், நிரல் ஓடியது. நானூற்றுப் பன்னிரண்டு, தொண்ணூற்றேழு ஆயிற்று. சபை கைதட்டியது. ஒருவார வேலை அரைமணியில் முடிந்தது. முந்நூற்றுப் பதினைந்து தறப்பாள்கள் 'மீதம்' என்று அறிக்கை மேலிடத்துக்குப் போயிற்று. ஸ்ரனிஸ்லஸ் அன்று சைக்கிளைக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் மிதித்தார்.

மறுநாள், பட்டியலில் பெயர் விடுபட்ட மதலேனா சபைக்கு வந்தா. வீரகத்தி என்ற கமக்காரரின் வளவில், அவருடைய தென்னைகளுக்கு நடுவே பதினொரு குடும்பங்கள் கொட்டில் போட்டிருந்தன. பதினொன்றும் கொடுத்த முகவரி 'வீரகத்தி வளவு'. தறப்பாள் கிடைத்தது கிறிஸ்ரிக்கு மட்டும். கிறிஸ்ரி தனிக்கட்டை. மதலேனாவுக்கோ நாலு பிள்ளைகள், ஓலைக்கூரையில் வானம் தெரிந்தது.

"தம்பி, உந்தப் பெட்டி எங்களை ஒரு குடும்பமெண்டு சொல்லுதாம். அப்ப கிறிஸ்ரி எனக்கு ஆர்? மகனோ, புருசனோ? எதெண்டாலும் அவனுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

ஸ்ரனிஸ்லஸுக்குக் காது சுட்டது. இடம்பெயர்ந்த சனத்துக்கு முகவரி என்பது இடம் கொடுத்தவனின் பெயர்தான் என்பது, தானே இன்னொருவர் வளவில் குடியிருந்தும் அவருக்கு அதுவரை உறைக்கவில்லை. அந்தக் கோட்டையும் எழுத்தையும் எடுத்துவிட்டால் சரி என்று நல்லதம்பியிடம் ஓடினார்.

நல்லதம்பி பொறுமையாக விளக்கினார். எடுத்தால் கணினி பிழைவிட்டது என்றாகிவிடும். கணினி பிழைவிட வேண்டுமென்றால் விசேட கூட்டம் கூட்டி ஏழு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். அதில் மூன்று பேர் விதைப்புக்கு நெடுங்கேணி போய்விட்டார்கள். திரும்ப ஐப்பசி ஆகும். அதுவரை மழை ஒத்துழைக்க வேண்டும். ஆனால் முகவரியை மாற்றித் தந்தால் கணினிக்கு ஆட்சேபணை இல்லை.

அன்று பின்னேரமே வீரகத்தி வளவில் வீதி அபிவிருத்தி தொடங்கியது. வீரகத்தி விசுக்கோத்துப் பெட்டி மூடிகளை வெட்டிக் கொடுத்தார். ஸ்ரனிஸ்லஸ் தாரால் பெயர் எழுதி ஒவ்வொரு தென்னையிலும் அறைந்தார். இரண்டு கொட்டிலுக்கு நடுவே ஆடு போகும் இடைவெளி 'மதலேனா வீதி' ஆயிற்று. கிணற்றடி 'கிறிஸ்ரி குறுக்குத் தெரு'. கோழிக்கூட்டைச் சுற்றி ஒரு 'சுற்றுவட்டம்'கூட அமைந்தது.

செய்தி மற்ற வளவுகளுக்கும் பரவியது. மூன்று நாளில் தர்மபுரத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட புதிய வீதிகள் திறந்துவைக்கப்பட்டன. தபால்காரர் இரண்டு நாள் லீவு போட்டார். நிரல் திரும்ப ஓடியது. ஒரு குடும்பமும் குறையவில்லை. லினக்ஸின் உதவியால் பிரதேசத்தின் வீதி வசதி பன்மடங்கு பெருகியதாக நல்லதம்பி மேலிடத்துக்கு எழுதினார்.

தறப்பாள் வாங்க மதலேனா வரிசையில் வந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. கணினி எவ்வளவு ஒழுங்கான சாமான் என்பதை நல்லதம்பி அவவுக்கு எடுத்துச் சொன்னார். ஒரு கோட்டையும் ஓர் எழுத்தையும் எடுப்பதற்கே ஏழு கையெழுத்து. விளையாட்டில்லை.

மதலேனா தறப்பாளைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்ரனிஸ்லஸின் பக்கம் திரும்பினா.

"அப்ப தம்பி, எங்கடை முந்நூற்றுச்சொச்சம் குடும்பத்தை எடுக்கேக்கை எத்தினை பேர் கையெழுத்து வைச்சவை?"

ஸ்ரனிஸ்லஸ் தன் வலதுகைச் சுட்டுவிரலைப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்லையக்கா. நான் இதாலை ஒருக்காத் தட்டினனான்."