லெ.க. என்றொரு இனிஷியல்

இந்த ஒரு காரியத்தையாவது மனைவியைக் கேட்காமல் செய்வது என்று முடிவெடுத்தேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நான் எடுத்த முதல் முடிவு.

காரியம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க ஏணியில் ஏறினேன். ஏறியது நான், இறக்கியது ஏணி. கால் முறிந்து கிடந்தவனை மாடி வீட்டு ராணுவக்காரர் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று மாடி இறங்கி, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு நான் நொண்டி.

அவருக்கு என்ன கொடுப்பது? என் தொழில் பித்தளையில் பெயர்ப்பலகை செதுக்குவது. அவர் வீட்டு வாசலிலோ பலகையே இல்லை. தீர்ந்தது கவலை!

ஆஸ்பத்திரிச் சீட்டில் 'அழைத்து வந்தவர்' என்ற இடத்தில் 'லெ.க.' என்று போட்டு, பக்கத்தில் பெயரை எழுதியிருந்தார். அதைப் பார்த்து நான் கீழே பட்டறையில் செதுக்கிக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க இது, 'கேப்டன் லெ.க.'ன்னு?"

"இனிஷியல். லெ அவங்க அப்பா, க அவங்க தாத்தா."

"அது அவரோட பதவி மாதிரி இல்ல இருக்கு?"

"பதவிதான் கேப்டன்னு முன்னாடியே போட்டிருக்கேனே."

"கேப்டன்னு யார் சொன்னா?"

"யூனிபார்ம் போட்டா கேப்டன்தானே!"

"அப்ப நம்ம போஸ்ட்மேன்?"

"நீ தூக்கை வெச்சுட்டுப் போ."

"எதுக்கு வம்பு? பதினாறு படி ஏறி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்களேன்."

"ஊர்ல பாதிப் பேருக்கு இனிஷியல் செதுக்கினவன் நான். எனக்கே இனிஷியலா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் வாயை மூடினால் வேறெதையோ திறக்கப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பலகையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவு திறந்ததும் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தேன். பலகை இருந்த கையால் வைத்ததில் நெற்றி புடைத்தது.

"வணக்கம், கேப்டன் சார்!"

அவர் சிரித்துக்கொண்டே துணியைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். நானும் நின்றுவிட்டேன்.

'லெப்டினன்ட் கர்னல்' என்று முழுதாக ஒரு வரி. கீழே அவர் பெயர். கேப்டன், லெ.க. இரண்டையும் காணோம்.

"இருபது வருஷ சர்வீஸ்ங்க. ஒருத்தர் 'லெப்.'னு எழுதுவாங்க, ஒருத்தர் 'கர்.'னு எழுதுவாங்க. நானே சோம்பேறித்தனமா லெ.க.ன்னுதான் போடறேன். முழுசா எழுதின ஒரே ஆள் நீங்கதான்." அவர் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். "ஆனா, பலகையில சரியா போட்டுட்டு வாயால கேப்டன்ங்கறீங்களே? கூப்பிடறப்ப வெறும் கர்னல் போதும். சல்யூட் எல்லாம் எங்களுக்குள்ளதான். நீங்க கை கொடுங்க."

கொடுத்தேன். "நீங்க தூக்கலைன்னா எனக்குக் காலே இல்ல, கர்னல்," என்றேன். ஒத்திகை பார்த்திருந்த பேச்செல்லாம் மறந்து, அதுதான் வந்தது.

"நான் தூக்கினேன், அவ்வளவுதான். ஆடாம அசையாம ரெண்டு அடிஸ்கேலை வெச்சுக் காலைக் கட்டினது உங்க வீட்டம்மா. டாக்டரே அசந்துட்டார். உங்களுக்குச் சொல்லலையா?"

எனக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் அப்போது மயக்கத்தில் இருந்தேனே.

கீழே வந்தேன். மனைவி விரல் நகத்திலிருந்து பித்தளைத் தூளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப செஞ்ச?"

"நீங்க குறட்டை விட்டப்ப, வேற தகட்டுல. கர்னல் வீட்டம்மாவைப் படியிலேயே பார்த்துக் கேட்டுக்கிட்டேன்."

"செதுக்க எப்பக் கத்துக்கிட்ட?"

"பதினாலு வருஷமா தூக்கோட வந்து நிக்கறேன். நீங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் வேற எதைப் பார்க்கறது?"

அவள் எழுத்து என் எழுத்தைவிட அழகு. அதை அவளிடமே சொல்லிவிட்டேன். "காலுக்கும் சேர்த்து ரொம்ப நன்றி," என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளே பட்டறையில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டேன்.

அந்த வாரமே கர்னலின் பலகையைப் பார்த்துவிட்டு எட்டு அதிகாரிகள் வந்தார்கள். எட்டு பலகை! மனைவி ஒவ்வொருவரிடமும் பதவியை எழுத்துக் கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கடைசியாக இருந்த இளம் அதிகாரி மரியாதையாக என் பக்கம் திரும்பினார்.

"சார், உங்களை எப்படிக் கூப்பிடணும்?"

மார்பை நிமிர்த்தி வாயைத் திறந்தேன்.

உளியிலிருந்து கண்ணெடுக்காமல் மனைவி சொன்னாள்: "'டெலிவரி'ன்னு ஒரு குரல் கொடுங்க தம்பி, வந்துடுவாரு."