பன்னிரண்டு வாக்கியப் பண்டிதர்

ஒரு மொழியில் பன்னிரண்டு வாக்கியங்களைக் கற்றுக்கொண்டு, அந்த மொழியே தமக்குக் கைவந்துவிட்டதென்று நம்பி ஊர் ஊராகத் திரிகிற ஒரு வகை மனிதர் உண்டு. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வாக்கியப் பண்டிதர். அசுவானோ லாரி நிலையத்தில் பயணி வண்டிகளின் புறப்பாட்டுப் பதிவேடு எழுதிய முப்பத்தாறு ஆண்டுகளில் இந்த ரகத்தைச் சேர்ந்த அறுபத்து நான்கு பேரைப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பின் இன்னும் ஒன்பது பேர். எல்லாரும் வெள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பதினேழு பேர் எங்கள் பிள்ளைகளுக்கு லண்டனில் பிறந்த பிள்ளைகள், கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள். நான்கு பேர் தலைநகர் அக்ராவில் வளர்ந்த அரசாங்க அதிகாரிகள். ஒருவர் பாதிரியார். எங்கள் ட்வி மொழியில் வணக்கம் சொல்லிப் பிரசங்கத்தைத் தொடங்குவார், ட்வி மொழியில் நன்றி சொல்லி முடிப்பார். நடுவில் ஒரு மணி நேரம் ஆங்கிலம்.

பண்டிதரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். வண்டியில் ஏறும்போதே உதடு அசைந்துகொண்டிருக்கும். ஜெபம் இல்லை, பாடம். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதில் 'எப்படி இருக்கிறீர்கள்', 'நலமாக இருக்கிறேன்', 'நன்றி', 'இது என்ன விலை', 'குறைத்துக் கொடுங்கள்', 'வயிறு நிறைந்துவிட்டது', 'போய் வாருங்கள்' என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் குரல் ஏற்றி எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்று மேலும் கீழும் கோடு போட்டு வைத்திருப்பார். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கினால் எழுப்பி நலம் விசாரிப்பார். பெட்ரோல் போடுகிறவனிடம் விசாரிப்பார். சுங்கச் சாவடியில் விசாரிப்பார். ஒருமுறை எங்கள் லாரி நிலையத்தில் கட்டியிருந்த ஆட்டிடம் ஒருவர் விசாரித்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆடு பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லும் பதிலை அவர் எந்த அளவுக்குக் கவனிப்பாரோ, அந்த அளவுக்கே ஆட்டின் மௌனத்தையும் கவனித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

அவரை வளர்ப்பது யார்? நாங்கள்தான். தக்காளிக்காரி போமாவிடம் அவர் ஒரு வணக்கம் வைத்துவிட்டால் போதும். அவள் கை தட்டுவாள், பக்கத்துக் கடைக்காரிகளைக் கூப்பிடுவாள், "ஏய், இந்த வெள்ளைக்காரருக்கு ட்வி கேக்குதுடீ!" என்பாள். எங்கள் பேச்சில் ஒரு மொழி தெரியுமா என்று கேட்பதில்லை, கேட்குமா என்றுதான் கேட்போம். ஐந்து பெண்கள் சுற்றி நின்று சிரிப்பார்கள், ஒருத்தி இடுப்பை அசைத்து ஓர் ஆட்டமும் போடுவாள், அந்த ஆரவாரத்தில் போமா அழுகின தக்காளி நான்கை அடியில் வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுவாள். பண்டிதர் வீடு போய்ச் சேர்ந்து, மக்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று எழுதிவைப்பார்.

இந்தக் கூட்டத்திலேயே தேர்ந்த பண்டிதர் ஒருவரைச் சொல்கிறேன். பெயர் ஓட்மார் ஃப்ரிக், சுவிட்சர்லாந்துக்காரர். கோகோ தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலைக்காக வந்து, எங்கள் தெருவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தார். வந்த முதல் வாரமே, பிறந்த கிழமையை வைத்து எங்கள் வழக்கப்படி ஒரு பெயரும் வைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பிறந்தாராம், அதனால் குவாபெனா. பிறந்த தேதியைக் கேட்டேன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று மார்ச் எட்டு என்றார். என்னிடம் இருந்த பழைய நாட்காட்டியைப் புரட்டினேன். அது திங்கட்கிழமை. திங்களில் பிறந்தவன் குவாஜோ. போய்ச் சொன்னேன். அதற்குள் அவர் சட்டையில் குவாபெனா என்று தைத்தாகிவிட்டது. ஆகவே செவ்வாய்க்கிழமையாகவே இருந்துவிட்டார்.

நல்ல மனிதர், அதை மறைக்கப் போவதில்லை. யாரிடமும் முகம் சுளிக்கமாட்டார். வலது கையால்தான் கொடுப்பார், வலது கையால்தான் வாங்குவார். கூட்டத்துக்குள் நுழைந்தால் வலப்பக்கம் தொடங்கி ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டே போவார். வீட்டுக்கு ஆள் வந்தால் முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும், குடித்து முடித்த பிறகே வந்த காரியத்தைக் கேட்க வேண்டும் என்ற எங்கள் முறையைக்கூடக் கற்றுவைத்திருந்தார். 'இங்கே எல்லாம் அமைதிதான், நீங்கள் வந்த செய்தி என்ன?' என்று கேட்கும் அந்த வாக்கியத்தை, எங்கள் ஊர்ப் பையன்கள் பலருக்கு வராத சுத்தத்தோடு சொல்வார். வம்பு தொடங்கியது அங்கேதான்.

எங்கள் ஊரில் டுஃபி என்று ஒரு பெண்மணி, அறுபத்தொரு வயது. தனியாகக் கோகோத் தோட்டம் வைத்திருக்கிறாள். இடது கண்ணில் புரை முற்றிப் பார்வையே போய்விட்டது, வலது கண்ணிலும் பால் படர்ந்தாற்போல் படர்ந்துகொண்டிருந்தது. போன அறுவடையில் காயைப் பிளக்கும்போது வெட்டுக்கத்தி கட்டைவிரலில் இறங்கிவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வருடத்தில் மூன்று நாள் கண் டாக்டர்கள் வருவார்கள். டுஃபிக்கு ஒரு வியாழக்கிழமை குறித்து அட்டை கொடுத்திருந்தார்கள். நண்பகலுக்குள் போய்ப் பெயர் கொடுத்துவிட வேண்டும். அப்போது பெய்த மழையில் சாலை அறுந்து, டிராட்ரோ என்று நாங்கள் சொல்லும் பயணி வேன்கள் நின்றுபோயிருந்தன. டிராக்டரை விட்டால், சேற்றைத் தாண்டிப் போகக்கூடியது ஓட்மாரின் பிக்கப் வண்டி ஒன்றுதான். அதுவும் வியாழன்தோறும் அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும்.

ஆகவே ஞாயிறு மாலை நான்கேகாலுக்கு முறைப்படி அவர் வீட்டுக்குப் போனோம். டுஃபி, அவளுடைய அண்ணன் அடுசே, சாட்சிக்கு நான். ஓட்மார் எங்களை உட்கார வைத்தார். தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார், வலது கையால் கொடுத்தார், குடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு வந்த செய்தி என்ன என்று கேட்டார். அடுசேயின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தன் மருமகனே இப்படி ஒருநாளும் கேட்டதில்லை என்ற பூரிப்பில், தங்கையின் கண்ணில் தொடங்கி, அவள் புருஷன் இறந்தது, சாலை அறுந்தது, அட்டை, கிழமை, நேரம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பதினான்கு நிமிடம் எடுத்துச் சொன்னார். ஓட்மார் தலையாட்டினார். இடையிடையே 'ம்' கொட்டினார். கட்டைவிரல் வெட்டுப்பட்ட இடத்தில் புன்னகைத்தார். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கப் போனேன். அடுசே என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

"அப்போ எங்க செய்தி உங்க காதுல விழுந்துச்சா?" என்று கடைசியில் அடுசே கேட்டார்.

"விழுந்தது. யோ, யோ" என்றார் ஓட்மார். யோ என்றால் சரி. எங்கள் ஊரில் தண்ணீர் குடித்து, செய்தி கேட்டு, யோ சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. மறுபடி கேட்கிறவன் அந்த மனிதரின் வாக்கை நம்பாதவன்.

திரும்பும் வழியில் என் சந்தேகத்தைச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒருமுறை கேட்டுவிடலாமே என்றேன்.

"கிளார்க்கையா, நீ எழுதின பதிவேட்டை ஒருத்தன் வந்து சரிபார்த்தா உனக்கு எப்படி இருக்கும்?" என்றார் அடுசே. "அவரே கேட்டாரு, அவரே சரின்னாரு. இதுக்கு மேல இங்கிலீஷ்ல கேட்டா, உனக்கு ட்வி வராதுடான்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி. விருந்தாளிய அப்படிப் பண்ணுவாங்களா?"

பண்ணமாட்டோம். மரியாதைக்காரர்கள் நாங்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். செவ்வாயன்று, தன் டிராக்டரில் ஏற்றிப்போகிறேன் என்று கரிக்கார ஆசாமோவா தானாக வந்து கேட்டான். வேண்டாம், வெள்ளைக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று அனுப்பிவிட்டார் அடுசே.

வியாழன் காலை ஆறு மணிக்கே டுஃபி சாலை முனைக்கு வந்துவிட்டாள். நல்ல துணி உடுத்தி, மாற்றுத் துணியை ஒரு பேசினில் வைத்து, அட்டையை மார்பில் செருகியிருந்தாள். துணைக்கு அடுசேயும் நானும். ஏழு பத்துக்கு பிக்கப் வந்தது. கண் தெரியாவிட்டாலும் சத்தத்தை வைத்தே அவள் பேசினைத் தூக்கிக்கொண்டாள். வண்டி நின்றது. கண்ணாடி இறங்கியது.

ஓட்மார் காலை வணக்கம் சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். "இருக்கேன்யா, ராத்திரி பூரா தூக்கம் வரல, பயமா இருக்கு" என்றாள். நல்லது, கடவுளுக்கு நன்றி என்றார். வீட்டில் எல்லாரும் சுகமா என்றார், பிள்ளைகள் சுகமா என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொல்லிக்கொண்டே கதவுப் பிடியைத் தேடி ஓரடி முன்னால் வைத்தாள். அவர் தம் பன்னிரண்டாவது வாக்கியத்தைச் சொன்னார். 'நல்லபடி போய் நல்லபடி வாருங்கள்.' வண்டி போய்விட்டது. டுஃபியின் கை, கதவு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"திருப்பிக்கிட்டு வருவாரு" என்றார் அடுசே.

வரவில்லை. ஆசாமோவாவின் டிராக்டர் பத்தேகாலுக்குக் கிடைத்தது. கரி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. பெயர்ப் பட்டியலை மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் வாருங்கள் என்றார்களாம். அதற்குள் வலது கண்ணும் போய்விடும் என்பதை நர்ஸ் அவளிடம் சொல்லவில்லை. அடுசேயிடம் தனியாகச் சொன்னாள்.

மறுநாள் காலை நான் ஓட்மாரிடம் போய் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் வெளுத்துப்போனார். தம் நாட்குறிப்பை எடுத்துக் காட்டினார். வியாழக்கிழமைப் பக்கத்தில், 'சாலையில் டுஃபி அம்மாவுடன் நீண்ட, அருமையான உரையாடல்' என்று இருந்தது.

"எனக்கு யாருமே சொல்லலியே" என்றார்.

"பதினாலு நிமிஷம் சொன்னோம்" என்றேன்.

சாயங்காலமே டுஃபி வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க எங்கள் வழக்கப்படி ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் மதுவோடு வந்தார், இரண்டு கையாலும் அதை அடுசேயின் முன் வைத்தார், தலை குனிந்து, 'நான் தவறு செய்துவிட்டேன், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று ட்வி மொழியில் சொன்னார். புது வாக்கியம், பதின்மூன்றாவது. ஏற்றம் இறக்கம் எல்லாம் அச்சு அசல். என்ன செய்தார்கள் எங்கள் ஆட்கள்? முற்றத்தில் நின்ற ஏழு பேரில் ஐந்து பேர் "ஏய்!" என்று கை தட்டிவிட்டார்கள். அடுசேயும் தட்டினார். ஓட்மாரின் முகத்தில் அந்தப் பழைய புன்னகை எட்டிப் பார்த்தது.

டுஃபி தட்டவில்லை. வரும் செவ்வாய் நானே குமாசிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன், அங்கே பேசிவிட்டேன் என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் அதை அவளுக்குச் சொன்னேன். அவள் அவர் பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னாள்.

"கிளார்க்கையா, அவர்கிட்ட சொல்லு. வண்டில ஏறுறேன். ஆனா போய்ச் சேர்ற வரைக்கும் அவரு ட்வி பேசக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் இறங்கிடுவேன்."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஓட்மாருக்கு நான் நினைத்ததைவிட வலித்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்.

செவ்வாய் காலை ஐந்து நாற்பதுக்குப் புறப்பட்டோம். டுஃபியும் நானும் வழியெல்லாம் அவரைப் பற்றித்தான் பேசினோம். அவருடைய மூக்கு, நடை, சட்டையில் தைத்த தப்பான பெயர், ஒன்றையும் விடவில்லை. தன் பெயர் அடிபடும் ஒவ்வொரு தடவையும் தானாக ஆடப்போன தலையை அவர் பிடித்து நிறுத்திக்கொண்டு ஓட்டினார். போலீஸ் தடுப்பில் ஒரு காவலர் குனிந்து, எப்படி இருக்கிறாய் வெள்ளைக்காரா என்று ட்வியில் கேட்டார். ஓட்மார் கண்ணாடி வழியாகப் பின்னிருக்கையைப் பார்த்தார். டுஃபிக்கு அவர் பார்த்தது தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அவர் காவலரிடம் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். எங்கள் ஊருக்கு வந்த எட்டு மாதத்தில் முதல் தடவை.

குமாசிக்கு ஒன்பது மைல் இருக்கும்போது, ஏழு பதினொன்றுக்கு, அவர் என்னிடம் மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார். "இப்ப அவங்க என்ன சொன்னாங்க?"

அவர் அப்படிக் கேட்டதே இல்லை. பள்ளம் வந்தா மெதுவாப் போறான், நல்லா ஓட்டுறான், என்று அவள் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி கேட்டார், இப்போது என்ன சொன்னார்கள் என்று. குமாசி போய்ச் சேருவதற்குள் பதினொரு முறை கேட்டுவிட்டார். டுஃபிக்கு வலது கண்ணில் அன்று மாலை அறுவைச் சிகிச்சை நடந்தது. பார்வை வந்துவிட்டது. இடது கண் போனது போனதுதான்.

உங்களுக்கு ட்வி தெரியாது, ஆகவே இது உங்களைப் பற்றி இல்லை என்று நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கட்டும். நேற்று சாயங்காலம் உங்கள் வீட்டில் ஒருவர் உங்கள் சொந்த மொழியில், உங்கள் முகத்தைப் பார்த்து, நாலைந்து நிமிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் தலையாட்டினீர்கள். கடைசியில் 'சரி, சரி' என்றீர்கள்.

எதற்குச் சரி சொன்னீர்கள்?