மூஷிகச் சித்தரின் கொழுக்கட்டை

புதுச்சத்திரத்தில் அன்று பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைவிட மூஷிகச் சித்தருக்கு நின்ற கூட்டம் அதிகம். மிக்சி ஒயர், மோட்டார் ஒயர், பைக் ஒயர் என்று எலி கடித்துப் போட்ட மிச்சத்தை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பிரிட்ஜையே டெம்போவில் ஏற்றி வந்திருந்தார். பக்தி என்று வந்துவிட்டால் வண்டி வாடகை பார்க்கக் கூடாது.

கோழிப்பண்ணை பூபதி வரிசையில் நிற்கவில்லை. சித்தரையே பண்ணைக்கு அழைத்து வந்துவிட்டார். பின்னாலேயே கூட்டமும் வந்தது. பூபதியின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போன மாதம் எலி ஒயரைக் கடித்து, கொட்டகையில் பல்பு அணைந்து, சூடில்லாமல் ஒரு பேட்ச் குஞ்சுகள் மொத்தமும் விறைத்துச் செத்துப்போயின. கூடை கூடையாக அள்ளிப் புதைத்துவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தார் மனிதர். நாளைக்குப் புதுக் குஞ்சு வருகிறது. இதுவும் போனால் பண்ணையைப் பூட்ட வேண்டியதுதான்.

"ஒயரைப் பைப்புக்குள்ள உட்டு, செவுத்துப் பொந்தை அடைச்சுப்போட்டா எலி எப்படீங்க கடிக்கும்?" என்று மனைவி மஞ்சுளா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அதில் மந்திரம் எதுவும் இல்லாததால் பூபதிக்கு நம்பிக்கை வரவில்லை.

சித்தரின் தத்துவமோ லாரி ஓடும் ஊருக்கென்றே செய்தது. "மொதலாளி பிள்ளையாருக்குப் படைக்கறீங்க. அவரு வண்டிக்கு என்ன போட்டீங்க? டீசல் போடாத வண்டி ஒயரைத்தான் கடிக்கும்."

ஆகவே வண்டிக்கு, சித்தரே பிடித்துக் கொண்டுவந்த கொழுக்கட்டை. மந்திரித்துப் பரணிலும் கொட்டகையிலும் வைக்க வேண்டும். அமாவாசை வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. மிச்சத்தைச் சித்தரே வந்து பொறுக்கிக்கொள்வார். அவ்வளவு சுத்தபத்தம். பக்கத்துத் தோட்டத்துச் செங்கோடன் வீட்டில் வைத்ததும் எலித் தொல்லை நின்றது. கூடவே அவர் வளர்த்த நாயும் செத்தது. எலியின் சாபத்தை நாய் வாங்கிக்கொண்டதாகச் சித்தர் விளக்கினார். செங்கோடன் நாயைப் புதைத்துவிட்டு வந்து சித்தரைக் கும்பிட்டார்.

கற்பூரம் காட்டி முடித்த சித்தர் தட்டோடு கொட்டகைப் பக்கம் திரும்பினார். மஞ்சுளா குறுக்கே வந்து நின்றாள்.

"குஞ்சு தரையில கெடக்கறதையெல்லாம் கொத்துமுங்க சாமி. இதையுங் கொத்துச்சுன்னா?"

"கொத்தட்டுமே அம்மிணி. பிரசாதம் என்ன பண்ணப்போவுது?"

"பிரசாதமுங்களா?" தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அப்பப் பூசை போட்டவரு மொதல்ல ஒண்ணு வாயில போடோணும். அதானுங்களே நம்ம மொறை."

"நான் விரதம்."

"செரிங்க. வந்தவங்களுக்குக் குடுத்தர்றேன்."

பிரசாதம் என்று காதில் விழுந்ததும் கூட்டம் மொத்தமும் கையை நீட்டியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பூபதி ஒன்றை எடுத்தே விட்டார். மஞ்சுளா அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சித்தரையே பார்த்தாள்.

"சொல்லுங்க சாமி. கையை உட்டுறட்டுங்களா?"

சித்தரின் விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

"வேண்டாம் அம்மிணி. அதுல... எலி மருந்து கலந்திருக்குது."

பூபதியின் கையிலிருந்து கொழுக்கட்டை நழுவியது. நாளைக்கு வரப்போகும் குஞ்சுகள் அதைச் சுற்றி நின்று கொத்துவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடி கழுவினார்.

"அப்ப என்ற நாயி?" என்று கேட்டார் கூட்டத்தில் நின்ற செங்கோடன். போலீஸ் வரும்வரை அவர் சித்தரின் காவித் துண்டை விடவில்லை.

"இருந்தாலும், மந்திரிச்ச மருந்துன்னா சுருக்காக் கேக்குமாட்ட இருக்குது" என்றார் டெம்போவில் பிரிட்ஜ் ஏற்றி வந்தவர். நாலு பேர் தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலமே மெயினை அணைத்து, ஒயரைப் பைப்புக்குள் விட்டு, பொந்துகளில் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் வைத்துப் பூசினார் பூபதி. மறுநாள் குஞ்சுகள் வந்தன. பல்பு எரிந்தது. அதன் அடியில் மஞ்சள் மஞ்சளாகக் கூடித் தூங்கின. பூபதி பார்த்துக்கொண்டே நின்றார்.

எலியின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. நாம்தான் மூளையைத் துளியும் தேயாமல் பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்த சித்தர் வருவதற்குள் அது கொஞ்சம் தேயட்டும்.