பல் டாக்டர் மேம்பாலம் வென்ற காதை

வாழ்க எங்கள் நாயகர்! கடைவாய்ப்பல் களைந்த காவலர், ஈறு காத்த ஏந்தல், சொத்தைப் பெருங்குலத்தை வேரோடு அறுத்த வீரர், முப்பத்திரண்டு வெண்மதில்களையும் ஒற்றைச் சிறு கண்ணாடி கொண்டு வேவு பார்க்கும் பெருந்தகை, ஞாயிறுதோறும் விடியலில் உடலை இறுக்கும் பளபளப்பு ஆடை புனைந்து, மூச்சை உள்ளிழுத்தபடி நிலைக்கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, தம் வயிற்றைக் காணாது மகிழ்ந்து, அதன்பின் மூச்சை விடும் எங்கள் பல் டாக்டர் வாழ்க! விலையுயர்ந்த இரண்டு சைக்கிள்களில் எதை வாங்குவது என்று அவர் யோசித்த வீர வரலாற்றை இங்கே சொல்லப் புகுகிறோம்.

கரியிழைத் தாயே, காத்தருள்க! அடுப்பில் கிடந்தால் நீ வெறுங்கரி. பென்சிலில் புகுந்தால் எழுத்து. மோதிரத்தில் ஏறினால் வைரம். இழையாகித் திரிந்து, பசையில் தோய்ந்து, சைக்கிள் சட்டமாக உருக்கொண்டாலோ வைரத்தையே நலம் விசாரிக்கும் விலை! சொல்லும் நாமோ பஞ்சர் ஒட்டவும் அறியாப் பேதையர். கழன்ற செயினை மாட்டப் போய்க் கையெல்லாம் மசியாகி, வழியில் போனவரைக் கூப்பிட்ட குலத்தினர். பிழை இருப்பின் அவையோர் பொறுத்தருள்க.

போருக்குக் காரணம் ஒரு பெண்ணோ மண்ணோ அன்று, ஒரு வாக்கியம். நகரின் கிழக்கே, ரயில் பாதைக்கு மேலாக, ஒட்டகத்தின் திமில் போல் எழுந்து நிற்கும் மேம்பாலம் ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் எங்கள் நாயகரும் அவர் மனைவியின் தம்பியும் அதில் ஏறுவது வழக்கம். அந்த மைத்துனர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பழுதான லிஃப்டுக்குப் படியேறித்தான் போக வேண்டும் என்பதால், ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் படிகளெல்லாம் அவர் கால் அறிந்தவை. மணி வைத்த, மட்கார்டு வைத்த, பின்னால் கேரியரும் வைத்த சாதாரண அலுமினியச் சைக்கிளில் சீட்டியடித்தபடி உச்சிக்குச் சென்று, அங்குள்ள வண்டியில் டீ வாங்கி, அதில் பாதியைக் குடித்து முடிக்கும் தருணத்தில், கீழிருந்து இரைப்பொலி ஒன்று எழும். அது எங்கள் நாயகரின் மூச்சு. அப்போது அந்தப் பாவி மலர்ந்த முகத்தோடு குனிந்து சொல்வார்:

"மெதுவா வாங்க மாமா, ஒண்ணும் அவசரமில்ல."

வேலெறிந்தால் தாங்கலாம், வாள் வீசினால் தடுக்கலாம், இதை என்ன செய்வது? மயக்க ஊசி போடாமல் நரம்பைத் தொட்டது போல் அது நாயகரின் உள்ளத்தில் விண்ணென்று தெறித்தது. "இந்தச் சொல் இனி என் செவியில் விழாதபடி செய்யும்வரை, இக்கையால் துளைகருவியைத் தீண்டேன்!" என்று அவர் கிளினிக் அதிர முழங்கினார். மறுநாள் காலை வழக்கம்போல் தீண்டினார். நோயாளி காத்திருந்தார்.

எனினும் சூளுரை சூளுரைதான். குற்றம் காலில் இருக்க முடியாது என்பது நாயகருக்குத் தெளிவாகவே தெரிந்தது, கால்கள் அவருடையவை. ஆகவே குற்றம் சைக்கிளில் இருந்தது. நகரின் பெரிய சைக்கிள் கடையில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், பளீரென்ற விளக்குகளின் கீழ், இரு பேரழகிகள் அவருக்காகக் காத்திருந்தனர். மின்னாத கருமை பூசி, ஒரு கம்பியும் வெளியே தெரியாமல், அனைத்தையும் உடலுக்குள் ஒளித்து நின்றவள் கார்முகில். குருதிச் செம்மையில், கழுத்து நீண்டு, எடை என்ற சொல்லையே கேள்விப்படாதவள் போல் நின்றவள் செம்பருந்து. இருவருமே கரியிழையாம் கார்பன். இருவருமே 'ஆல்ரவுண்டர்' எனப்படும் உயர்குடியினர்: ஏற்றத்தில் பஞ்சாய் ஏறுவர், சமவெளியில் காற்றைக் கிழிப்பர், நெடுந்தூரத்தில் முதுகைக் காப்பர், வாங்கியவரின் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வழி செய்வர்.

இருவருக்கும் இடையிலான வேறுபாட்டைக் கேளுங்கள்; கேட்டு நடுங்குங்கள்! செம்பருந்து எடையில் குறைந்தவள். எவ்வளவு குறைந்தவள்? ஒரு பல்செட்டின் அளவு. அதிலும் கீழ்ச்செட்டு மட்டும். கார்முகிலோ காற்றை ஏமாற்றுவதில் வல்லவள். மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் இடைவிடாது மிதித்தால், ஒரு மணி நேரப் பயணத்தில் அவள் சில நொடிகளை மிச்சப்படுத்தித் தருவாள் என்று செயற்கைக் காற்று வீசும் சோதனைச் சுரங்கத்தில் வைத்து நிறுவியிருந்தார்கள். எங்கள் நாயகர் அந்த வேகத்தில் போனதுண்டு. ரயிலில்.

அன்று தொடங்கிற்று ஆராய்ச்சிப் பெரும்போர். தொலைதேசத்து மலைச்சரிவுகளில் ஒட்டிய கன்னத்து இளைஞர்கள் இவ்விரு சைக்கிள்களையும் ஓட்டிக்காட்டி, "கார்முகில் சற்று இறுக்கம், செம்பருந்து சற்றுத் துள்ளல்" என்று அருளிய காணொளிகளையெல்லாம் நாயகர் சாப்பாட்டுத் தட்டின் முன் வைத்துப் பார்த்தார். பல் துலக்கும்போது பார்த்தார். துலக்கி முடித்த பின்னும் வாயில் பிரஷ்ஷோடு நின்று பார்த்தார். பார்த்ததையெல்லாம் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அல்லவா? அதற்கென்றே விதி அவருக்கு ஓர் அவையை அமைத்துக் கொடுத்திருந்தது. நாற்காலியில் மல்லாந்து, வாயில் பஞ்சும் குழாயும் திணிக்கப்பட்டு, எழுந்து ஓடவும் வகையற்றுக் கிடக்கும் அறிஞர் அவை அது.

"நல்லா பெருசா திறங்க சார். இப்ப சொல்லுங்க, எடை முக்கியமா, காத்து முக்கியமா?"

"ஆ..."

"அதேதான் சார் நானும் நினைச்சேன். எடைதான்."

இவ்வாறு ஒரு வங்கி மேலாளர் செம்பருந்துக்கு வாக்களித்தார். அவருக்குப் பின் வந்த தையற்கார அம்மாளிடம் கேள்வி காற்றை முன்னிறுத்திக் கேட்கப்பட்டது. அவரும் "ஆ" என்றார்; கார்முகில் சமன் செய்தாள். ஈறு வீங்கி வந்த வக்கீல் ஒருவர் மட்டும் இரு கைகளையும் ஆட்டி ஏதோ மறுப்புத் தெரிவிக்க முயன்றார். வலி என்று நினைத்து அவருக்கு இன்னோர் ஊசி போடப்பட்டது. அவர் வாக்கு செல்லாதது.

இத்தனை பேரிடம் கருத்துக் கேட்ட நாயகர், தம் வீட்டிலேயே இருந்த ஒருவரைக் கேட்க மறந்தார். அவர் மனைவி பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, ஓடிக் களைத்த பிள்ளைகளை மேலும் ஒரு சுற்று ஓட வைக்கும் கலையில் கைதேர்ந்தவர். கேட்காவிட்டால் என்ன, துணி மடித்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

"ஏங்க, ரெண்டும் நல்ல வண்டிதான். ஆனா ஏறப்போறது ஒரே ஆளு தானே? கிளினிக்குக்கு லிஃப்ட்ல போறத விட்டுட்டு படியில ஏறுங்க. மூணு மாசத்துல தானா வேகம் வரும்."

எங்கள் நாயகர் புன்னகைத்தார். எளியோரின் அறியாமையைக் கண்டு பேரரசர்கள் பூக்கும் புன்னகை அது. சட்டத்தின் இறுக்கம் என்றால் என்ன, சக்கரத்தின் ஆழம் என்றால் என்ன என்று இந்தப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது என்று எண்ணி, விளக்காமலே விட்டார். மறுநாளும் லிஃப்டில்தான் போனார்.

பின்னர் நிகழ்ந்தது கடை முற்றுகை. நாயகர் சட்டைப் பையிலிருந்து தம் குலதெய்வமாகிய, பல் பார்க்கும் சிறு கண்ணாடிக் கரண்டியை உருவினார். கடை முழுதும் திகைத்து நோக்க, கார்முகிலின் கீழ்க்குழாயை அதன் பிடியால் டொக் டொக்கென்று தட்டி, செவியை அருகில் வைத்து, கண்களை மூடி, அவளுடைய உள்ளொலியைக் கேட்டார். செம்பருந்தையும் அவ்வாறே தட்டினார். இருபதாண்டுப் பழக்கம் லேசில் விடுமா?

"தட்டும்போது வலிக்குதா?"

"டாக்டர், அது சைக்கிள்" என்றார் கடைக்காரர்.

இப்படியே வாரந்தோறும் வந்து தட்டிவிட்டுப் போகும் ஒரு மனிதரைத் தாங்கும் பொறுமை எந்தக் கடைக்காரருக்கும் இல்லை. "ஒரு ஞாயிறு இத எடுத்துட்டுப் போங்க, அடுத்த ஞாயிறு அத எடுத்துட்டுப் போங்க. அப்புறமாவது சொல்லிடுங்க" என்று அவர் கும்பிட்டார். நாயகர் அதை மாமன்னரின் அழைப்பாக ஏற்றார்.

முதல் ஞாயிறு. கார்முகில் மேல் ஆரோகணித்துப் புறப்பட்டார் எங்கள் பல் டாக்டர். தொடை முரசாக, மூச்சு சங்காக, வியர்வை நதியாக, எதிர்க்காற்று ஏமாந்து விலக, மின்சாரத்தால் இயங்கும் கியர் ஒவ்வொரு அமுக்கலுக்கும் 'உத்தரவு' என்று முனகிக் கீழிறங்க, இனி இறங்குவதற்குக் கியரே இல்லை என்ற நிலையிலும் விரல் அமுக்கிக்கொண்டே இருக்க, உச்சியை அடைந்தார். அங்கே பாதி டீ. மலர்ந்த முகம்.

"மெதுவா வாங்க மாமா, ஒண்ணும் அவசரமில்ல."

இரண்டாம் ஞாயிறு. செம்பருந்து. முன்சொன்ன முரசு, சங்கு, நதி அனைத்தையும் இங்கேயும் பொருத்திக்கொள்க. உச்சியில் அதே பாதி டீ, அதே முகம், அதே வாக்கியம். ஆயினும் மைத்துனர் நேர்மையாளர். வேறுபாட்டைக் குறிப்பிடத் தவறவில்லை.

"இன்னிக்கு கலர் நல்லா இருக்கு மாமா."

ஆக, உலகத்து நிபுணர்களெல்லாம் மயிரிழை பிளந்து வேறுபடுத்திய இரு சைக்கிள்களும், எங்கள் நாயகருக்கு முக்கியமான ஒரே சோதனையில் சரிசமமாக நின்றன. உள்ளபடியே சொன்னால் நாயகர் அன்றிரவு அழாத குறை. கூரிய பற்களையெல்லாம் அடக்கிய மனிதர், ஒரு பாலத்தின் முன் இப்படித் தோற்றுக்கொண்டே இருப்பது பார்க்கச் சற்றுப் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் விதி என்றொன்று உண்டல்லவா? அது மைத்துனரின் கடைவாயில் வந்து அமர்ந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, கன்னத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி, கண்கள் கலங்க, அந்த மேம்பால வேந்தர் கிளினிக்குக்குள் தாமே நடந்து வந்து, தாமே நாற்காலியில் சாய்ந்து, தாமே வாயைத் திறந்தார். ஆகா! முற்றுகையிட்டும் வீழாத கோட்டை கதவு திறந்து கிடந்த காட்சியை என்னென்பது! விளக்கைத் திருப்பி, கையுறை மாட்டி, இத்தனை காலம் நெஞ்சில் புழுங்கிய சொல்லை எடுத்து, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தையும் சுவைத்து, நாயகர் எய்தார்:

"மெதுவா திறங்க மாப்ள, ஒண்ணும் அவசரமில்ல."

எதிரி "ஆ" என்றார். பல் வந்தது. இத்தோடு விட்டிருந்தால் நம் நாயகர் சான்றோராகியிருப்பார். ஆனால் வெற்றி தலைக்கேறிய நிலையில், எந்த மருத்துவ நூலிலும் காணப்படாத ஒரு தீர்ப்பையும் அவர் வழங்கினார்.

"ஒரு மாசத்துக்கு சைக்கிள் மிதிக்கக் கூடாது. நரம்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு தொடர்பு."

மரத்துப்போன வாயோடு மைத்துனர் தலையாட்டினார். மாமா டாக்டராயிற்றே என்ற மரியாதை.

அந்த ஞாயிறு உதித்தது. அப்படியொரு ஞாயிறு அதற்கு முன் உதித்ததில்லை! எதிரியற்ற பாலம், பகையற்ற உச்சி, தமக்கு முன் எவரும் அருந்தாத டீ. இரண்டில் எதையும் இன்னும் வாங்காததால் நாயகர் தம் பழைய சைக்கிளையே எடுத்தார். வெற்றி உறுதியான பின் வாகனம் எதுவானால் என்ன? புறப்படும் நேரத்தில் மனைவியும் ஷூ மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தப் பாலத்துல? தம்பி வண்டி சும்மாதானே நிக்குது, நானும் வரேன்."

"வா, ஆனா மூச்சு வாங்கும். முடியலன்னா நின்னுடு" என்று பேரருள் பாலித்து, நாயகர் முன்னே பாய்ந்தார்.

பாய்ந்தார் எங்கள் ஏந்தல்! ரயில் பாதை கீழே நழுவ, விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாய்த் தலைவணங்கிப் பின்செல்ல, நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி உலகமே உப்பாய் எரிய, கீழ்ச்செட்டின் எடையையும் காற்றின் சில நொடிகளையும் மனத்துள் கூட்டிக் கழித்து, செம்பருந்தாயின் இந்நேரம் எங்கிருப்போம், கார்முகிலாயின் எங்கிருப்போம் என்று கணக்கிட்டபடி, பாதி ஏற்றத்தைக் கடந்து, உச்சியின் டீ வண்டி கண்ணில் பட்ட அத்தருணத்தில், பின்னாலிருந்து டிரிங் என்று ஒரு மணியோசை. அந்த மணியை அவர் அறிவார். மட்கார்டு வைத்த, கேரியர் வைத்த அலுமினியச் சைக்கிள் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு கணம் இணையாக ஓடிற்று. கழுத்தில் விசில் ஆட, மனைவி திரும்பிப் பார்த்தார். கணவரின் முகம் சிவந்திருப்பதைக் கண்டு அவர் உண்மையாகவே பதறினார். கேலி துளியும் இல்லை, அக்கறை மட்டுமே இருந்தது. இத்தனை ஞாயிறுகளும் மைத்துனரின் குரலில் இருந்ததும் இதே அக்கறைதானோ என்ற எண்ணம் முதன்முறையாக நாயகருக்குள் எழுந்தது. எந்த வாக்கியத்தை இனிக் கேட்கவே கூடாது என்று அவர் சபதம் செய்தாரோ, அதை மனைவி அன்பொழுகச் சொல்லிவிட்டு மேலே போனார்.

"மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."

டாக்டர் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.