ஓரவஞ்சனை தெரியாத பந்தி அண்ணன்

வளைகுடா நாட்டு மாடுகளுக்குள் ஒரு தேர்தல் வைத்தால், எங்கள் பந்தி அண்ணனை எதிர்த்து நிற்பவருக்கு டெபாசிட்கூடத் தேறாது.

அமீரகத்துப் பாலைவனத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் நான் எடை எழுதும் கிளார்க். இறைச்சிக்காக வளர்க்கும் காளைகள். அவற்றுக்குத் தீவனம் வைப்பவர் பந்தி அண்ணன், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஊரில் கல்யாணப் பந்திகளில் பரிமாறிக்கொண்டிருந்தவர், விசா கிடைத்து வந்தும் அதே வேலையைத்தான் தொடர்ந்தார், சாப்பிடுகிறவர்கள்தான் மாறியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கேம்ப் ரூமிலும் சமையல், பரிமாறல் எல்லாம் அவரேதான்.

மற்றவர்கள் தீவனத்தைக் கொட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். இவர் ஒவ்வொரு காளையிடமும் நின்று விசாரிப்பார். "என்னய்யா, மென்னுக்கிட்டே நிக்கிற? புடிக்கலியா? கூச்சப்படாம சாப்பிடு." தீவனத்தைத் தன் வாயிலும் கொஞ்சம் போட்டுப் பார்த்து, உப்பு தூக்கல் என்று தீவனம் கலக்கும் மிக்ஸரை ஓட்டும் பாயிடம் சண்டைக்குப் போவார்.

அங்கேதான் தீவன ஆராய்ச்சிக்காகக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தார். விற்காமல் கழித்துப் போடும் பேரீச்சம்பழத்தைத் தீவனத்தில் சேர்த்தால் காளைகள் சீக்கிரம் எடை போடுமா என்பது அவருடைய கேள்வி. முதல் கொட்டகைக்குப் பழம் உண்டு, இரண்டாம் கொட்டகைக்குக் கிடையாது. வாராவாரம் எடை பார்த்து எழுதுவது என் வேலை.

எடை ஏறியது. ஆனால் இரண்டு கொட்டகையிலும் சொல்லி வைத்தாற்போல் ஒரே அளவாக ஏறியது. டாக்டரம்மா தராசைச் சந்தேகப்பட்டார், பிறகு என்னைச் சந்தேகப்பட்டார், கடைசியில் தன் படிப்பையே சந்தேகப்பட்டார். மூன்றாம் மாதம் முதலாளி அரபி வந்து தாளைப் பார்த்தார். "மாஃபி ஃபாயிதா. கலாஸ்!" பிரயோஜனம் இல்லை, மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். ஆராய்ச்சியோடு டாக்டரம்மாவின் வேலையும் மாதக் கடைசியோடு முடிகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டார் பந்தி அண்ணன். ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைத் தாங்குகிற மனசு இல்லை அவருக்கு. நேரே ஆபீசுக்குள் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, நீங்க சாப்பிடுங்க. தப்பு ஒங்க மேல இல்ல. நாந்தான்..."

"நீங்க என்னங்ணா பண்ணுனீங்க?"

"பக்கத்துக் கொட்டகையில பழம் போடுறேன். ரெண்டாங் கொட்டகையில இவனுங்க வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு வாயப் பாத்துக்கிட்டிருக்கானுங்க. மனசு கேக்கலம்மா. எடை போட்டுக் குடுத்த பழத்துல பாதிய அள்ளி இங்கயும் வச்சுட்டேன். தெனமும்."

"ஐயோ! ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தாத்தானுங்ணா அது ஆராய்ச்சி!"

"வித்தியாசம் பாத்துப் பரிமாறுனா அது பந்தியாம்மா?"

டாக்டரம்மா அரைமணி நேரம் திட்டினார். நடுவில் அண்ணன் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்: "சோறு ஆறுதும்மா." மறுநாள் முதலாளியின் காரை மறித்து, தனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் செலவழித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். என்னை ஊருக்கு அனுப்புங்கள், அம்மாவை அனுப்பாதீர்கள் என்றார். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, புதுக் காளைகளை வைத்து மறுபடியும் செய்யச் சொன்னார். யாரையும் அனுப்பவில்லை.

இந்த முறை அண்ணன் ஒழுங்காக இருந்தார். இரண்டாம் கொட்டகையில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கோச்சுக்காதீங்கய்யா, அம்மாவுக்கு வேலை போயிரும்" என்று சொல்லிக்கொண்டே தீவனம் வைப்பார். பழம் தின்ற காளைகள் எடையில் தெளிவாக முந்தின. டாக்டரம்மாவின் வேலை நிலைத்தது.

கடைசி எடையை எழுதி முடித்தோம். மறுநாள் காளைகளை ஏற்ற லாரி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். டாக்டரம்மா ஒரு வாளி நிறையப் பேரீச்சம்பழத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் கொட்டகைக்கு நடந்தார். அங்கே நின்ற அண்ணனிடம் வாளியை நீட்டினார்.

"இனி எழுதறதுக்கு ஒண்ணுமில்லீங்ணா. போடுங்க."

அண்ணன் கை நிறைய அள்ளி அள்ளி வைத்தார். ஒருவரையும் விடவில்லை. அவர் கையால் சாப்பிட்ட அந்தக் காளைகள் கொடுத்து வைத்தவை. நானும்தான்.