பாண் ஓட்டோவில் கடைசி அத்தியாயம்

வட்டகொடை மரக்கறிக் கடையில் வேலை போய், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தலவாக்கலைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான், மலைநாட்டிலேயே பாணைவிடக் காதலை அதிகம் ஏற்றித் திரிந்த மனிதர் பக்கத்தில் ஓட்டோவை நிறுத்தினார். பெயர் யாருக்கும் தெரியாது; எல்லோருக்கும் அவர் பணிஸ் அண்ணன். ஊர் ஊராக ரொட்டியும் பணிஸும் விற்கும் பாண் ஓட்டோ என்றால் பாட்டு கேட்க வேண்டும். அன்று பாட்டு இல்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

“தம்பி, ஓட்டத் தெரியுமா?”

“லைசென்ஸே இருக்குங்க.”

“அப்ப ஓட்டுங்க. எனக்கு வாசிக்கிற வேல இருக்கு.”

மடியில் மாவு அப்பிய ஒரு தடித்த காதல் நாவல். போகும் வழியில் விஷயத்தைச் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் மேரி என்று ஒருவர், துணி தைப்பவர். தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவரிடம் இவர் கேட்டிருக்கிறார். மேரி வாயைத் திறப்பதற்குள் இவரே முந்திக்கொண்டு, “அவசரமில்லீங்க. இந்தக் கதை டீவியில நாடகமா வரப்போகுது. கதாநாயகி என்ன முடிவு எடுக்கிறாளோ, அதையே நீங்களும் எடுங்க” என்று சொல்லிவிட்டார். நாவலில் அவள் லண்டன் டாக்டரை வேண்டாமென்று பஸ் கண்டக்டரைக் கட்டிக்கொள்கிறாள். தோற்கவே முடியாத பந்தயம்.

நேற்று டீவியில் கடைசிப் பகுதி. கண்டக்டரை லொறியில் அடிபட வைத்துவிட்டு, அவளை டாக்டரோடு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

“கண்டக்டர் என்னய்யா பாவம் செஞ்சான்?” என்று என்னைக் கேட்டார், நான்தான் லொறி ஓட்டியது போல.

விடிந்ததும் பெரட்டுக் களத்துக்குப் போய், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் நேரத்தில் தொழிற்சங்கத் தலைவரிடம் முறையிட்டிருக்கிறார். “வேலைநிறுத்தம் செய்யணும் தலைவரே!”

“அட போ பணிஸு. கேட்ட சம்பளமே கிடைக்கல. நாடகத்து முடிவ மாத்தித் தருவானா?”

ஆகவே ஓட்டோ மைக். மேரியின் லயத்து வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி, கடைசி அத்தியாயத்தை ஒலிபெருக்கியில் வாசிக்க ஆரம்பித்தார். கூட்டம் கூடியது. ஒரு ராத்தல் பாண் கேட்ட கிழவருக்கு, “கல்யாணம் முடியட்டும் தாத்தா!” என்று மைக்கிலேயே பதில். பின்னால் தோட்ட மேனேஜரின் ஜீப் ஹோர்ன் அடித்தது.

“ரெண்டே பக்கந்தாங்க தொர!”

தொரை இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு அவரும் கதை கேட்டார்.

கதையில் கண்டக்டர் தாலி கட்டிய இடம் வந்தபோது மேரி வெளியே வந்தார். கழுத்தில் அளவு நாடா.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்க. இதுதான் நெசமான முடிவு. டீவியில வந்தது துரோகம்.”

“அவ எவனோட போனா எனக்கென்ன? நாடகம் தொடங்குறதுக்கு முந்தியே நான் சரின்னு சொல்லத்தான் இருந்தேன். நீங்க எங்க பேச விட்டீங்க?”

மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. மேரியின் சம்மதம் எதிர்மலை லயங்கள்வரை கேட்டது. பணிஸ் அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பாணை நான்தான் விற்றேன்.

மறுநாள் காலை அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேரியின் அம்மாவைப் பார்க்கப் போனார். ஓட்டோவை நான் எடுத்தேன். எந்த வேலையிலும் நிலைத்து நிற்காத எனக்கு, அந்த மனுஷன் திரும்பி வரும்போது ஒரு பணிஸ்கூட நசுங்கியிருக்கக் கூடாது என்று தோன்றியது.