கேமெலியாவும் புறப்பாடு மாமாவும்

ஜனவரி 19, உதகை. காலை 5.30க்கு எழுந்தேன். 5.45 வெந்நீர், 6.30 நான்கு இட்லி, 7.00 நாட்குறிப்பில் நேற்றைய மிச்சம். 7.05க்குள் புறப்பாடு மாமா எங்கள் குடியிருப்பிலிருந்து வந்த பத்துப் பேரையும் வேனில் ஏற்றிவிட்டார். நாங்கள் பார்க்க வந்த தாவரவியல் தோட்டம் விடுதியிலிருந்து பத்து நிமிஷ தூரம்தான்.

மயிலாப்பூரில் சாமிக்கு வருஷத்தில் சில நாள்தான் புறப்பாடு. எங்கள் இரண்டாம் மாடி மாமாவுக்குத் தினமும் புறப்பாடு. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறவர்கள் உண்டு; இவர் சுருதி சேர்க்கும்போதே எழுவார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே தாம்பூலப் பை கேட்டார்.

அவர் மனைவி விமலா மாமி முப்பது வருஷம் கல்லூரியில் தாவரவியல் எடுத்தவர். கேமெலியாப் பூவைக் கரும்பலகையில் வரைந்ததோடு சரி, செடியில் பூத்துப் பார்த்ததில்லை. முன்பு இரண்டு முறை இதே தோட்டத்துக்கு வந்தும், வாசல் புல்வெளியோடு மாமா திருப்பிக் கூட்டிப்போய்விட்டார். இந்தப் பயணமே மாமிக்காகத்தான்.

மேல் அடுக்கில் பூத்திருப்பதாகத் தோட்டக்காரர் சொன்னார். பாதிப் படி ஏறுவதற்குள் மாமா கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

“பூ எங்கயும் ஓடிப்போகாது. வேன் போயிடும்!”

“நம்ம வாடகை வேன்தானே, மாமா?” என்றேன்.

“அதுக்காக? டிரைவர் காத்துண்டிருக்காரோல்லியோ!”

எங்களைக் கீழே இறக்கி, வேனில் ஏற்றி, தலைகளை எண்ணினார். பத்து. வேன் கிளம்பியது.

குன்னூர் சாலையில் மாமிக்கு மாத்திரை கொடுக்கத் திரும்பினார். இருக்கையில் பையும் சால்வையும்தான் இருந்தன. மறுபடி எண்ணினார். பத்துதான் வந்தது.

டிரைவர் பட்டினப்பாக்கத்துக்காரர். “இன்னா சார், என்னையும் சேத்து எண்ணிக்கினு கீறியா? நான் இன்னா பூ பாக்கவா வந்தேன்?”

வேன் திரும்பித் தோட்டத்தில் நிற்பதற்குள் மாமா குதித்தார். இரண்டிரண்டு படியாக ஏறினார், பின்னால் நாங்கள். மேலே, சிவப்புக் கேமெலியா முன்னால், தேர்வுக்கூடக் கண்காணிப்பாளர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாமி நின்றிருந்தார்.

“உன்னை விட்டுட்டுப் போயிட்டேன்டி” என்றார் மாமா, மூச்சிறைக்க.

“தெரியும். நீங்க எல்லாரையும் இறக்கறச்சே நான் மேலே ஏறிட்டேன், அங்கேர்ந்து பாத்துண்டுதான் இருந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருக்கப்படாதோ?”

மாமா பெஞ்சில் உட்கார்ந்தார். இதழ், மகரந்தம், தேயிலைக்கு இது என்ன உறவு என்று மாமி எடுத்த பாடத்தை 8.20 முதல் 9.45 வரை கேட்டார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை 5.10க்கு என் கதவில் இடி. “மாமி வெள்ளைக் கேமெலியாவைப் பாக்கலையாம். வாசல் திறக்கறச்சே நாம அங்க நிக்கணும். எழுந்திருங்கோ!”

பல்கூடத் தேய்க்காமல் முதல் ஆளாக வேனில் போய் உட்கார்ந்தேன்.